புஷ்கலாவின் ஓட்டு

கோவைக்கு வெளியே, புது மனைப்பிரிவின் நடுவே இருந்த பொது இடத்தில் பூங்கா வேண்டும் என்று புஷ்கலா ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். முதல் சுற்று ஓட்டெடுப்பில் கார் நிறுத்துமிடம் கேட்டவர்கள் ஒரே ஓட்டில் ஜெயித்தார்கள். எல்லோருக்கும் ஓட்டுப் போடுவது அவரவர் வீட்டில் இருக்கும் செயற்கை அறிவுக் கருவிதான். அவளுடைய கருவியே நிறுத்துமிடத்துக்குப் போட்டிருந்தது.

“நான் பூங்காதானே கேட்டேன்!” என்று கத்தினாள்.

“போன வருஷம் அங்க மூணு தடவைதான் போனீங்க. கார் நிறுத்த இடமில்லைன்னு தினமும் திட்டுனீங்க. நீங்க சொல்றதை வெச்சு இல்லீங்க, செய்யறதை வெச்சுத்தான் போடுவேன்,” என்றது கருவி.

இறுதி ஓட்டெடுப்புக்கு மூன்று மாதம் இருந்தது. மறுநாள் காலையே முழங்கால் வலியோடு அங்கே நடக்கப் போனாள். நிறுத்துமிடம் கேட்ட எதிரணியின் தலைவர் இருதயராஜ் வேலிக்கு வெளியே நின்றிருந்தார். தினமும் அங்கே நடக்கிறவர்.

“இன்னைக்கு நடக்கலையா சார்?”

“எப்படிங்க நடக்கறது? தினமும் நடக்கறேன்னு என் கருவி பூங்காவுக்குப் போட்டுருச்சு! ஏற்கனவே சர்க்கரை ஏறிக் கிடக்குது, நடக்கச் சொல்லி டாக்டர் திட்டறாரு. என்ன பண்ணச் சொல்றீங்க?”

புஷ்கலா நொண்டியபடி அடுத்த சுற்றைத் தொடங்கினாள். அவர் வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.