முதல் புருஷனின் பேர்

“நம்ம குலப்பேரோட சேர்த்துச் சொல்லிப் பாருடா! தோர்கைர் லுண்டெ. எவனோ ஒருத்தன் படகுல நம்ம வீட்டுப் பாயைக் கட்டின மாதிரி இல்ல?”

“மெதுவாப் பேசுக்கா. உள்ள சிக்ரித் இருக்கா.”

“இருக்கட்டுமே. அப்பா பேரு ஆமுண்ட். ஆமுண்ட் லுண்டெ! சொல்லும்போதே வாய்க்குள்ள உருளுது. நம்ம வீட்ல மூத்த பையனுக்கு எப்பவும் அந்தப் பேருதான். அதை விட்டுட்டு பொண்டாட்டியோட மொதப் புருஷன் பேரை வெப்பாராம் தொரை. உனக்கு ரோஷமே கிடையாதாடா?”

தேவாலயத்தின் வாசல் அறையில், குழந்தையின் நீண்ட வெள்ளை அங்கிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த சிக்ரித்தின் கை அப்படியே நின்றது.

மரச்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் ஐவிந்தும் அவன் அக்கா போர்கில்லும்.

ரோஷம் இல்லையா? நாத்தனார் கேட்ட கேள்விதான் அவளுக்கும்.

நார்வேயின் அந்தக் கரையோரத்தில் அப்படி ஒரு பழைய வழக்கம் உண்டு. புருஷனைப் பறிகொடுத்தவள் மறுபடி கட்டிக்கொண்டால், பிறக்கும் முதல் பையனுக்குச் செத்தவன் பேர். ஊர் வாய்க்குப் பயந்து வைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வைப்பார்கள்.

ஐவிந்த் ஆசைப்பட்டு வைக்கிறான்.

வேண்டாம், உங்க அப்பா பேரே இருக்கட்டும் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை. பிள்ளை பிறந்த அன்றே தொட்டில் மேல் குனிந்து “தோர்கைர்” என்று கூப்பிட்டான்.

கூப்பிட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி இல்லை. மீன் அரியும்போது, மாவு பிசையும்போது, எங்கிருந்தோ அந்தப் பேர் வந்து விழும். கூடவே அவன் பார்வையும். பழையவனை இன்னும் மனசில் வைத்திருக்கிறாளா என்று ஆழம் பார்க்கிறானோ? அவள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வாள். ஒரு வீட்டைக் கடல் கொண்டுபோனது போதாதா? இந்த வீட்டைச் சந்தேகம் கொண்டுபோக வேண்டுமா?

வீட்டில் என்ன பேசியிருந்தாலும் பேரைப் போதகருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே போதகர் கேட்பார். பிள்ளையை ஏந்தி நிற்பவள் சொல்வாள். கடைசி வார்த்தை அவள் வாயில்தான் இருந்தது. ஆமுண்ட் என்று சொல்லிவிடுவதாகத்தான் வந்திருந்தாள்.

ஐவிந்த் உள்ளே வந்தான். தொப்பி கையில் இருந்தது.

“அக்கா கத்தினது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. நீ என்னைச் சோதிச்சுப் பாக்குறியா ஐவிந்த்? சுத்தி வளைக்காம நேராக் கேளு. நான் அவனை மறந்துட்டேனா இல்லையான்னுதானே உனக்குத் தெரியணும்?”

அவன் முகம் வெளுத்துப்போனது.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சிக்ரித். உன்மேல எனக்கென்ன சந்தேகம்? அவன் பேரு அவனோட போயிடக் கூடாது, அவ்வளவுதான். அவனே கேட்டான். ‘என் பேருக்கு ஒரு புள்ள வேணும்டா ஐவிந்த்’னு. குளிர்ல பல்லு கிடுகிடுன்னு ஆடுது, கை என் படகு விளிம்பைப் பிடிச்சிருக்கு, அப்பவும் அதையே…”

நிறுத்திக்கொண்டான்.

உள்ளே ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை.

ஊருக்கும், விசாரிக்க வந்த அதிகாரிக்கும், அவளுக்கும் அவன் இதுவரை சொன்னது ஒரே கதைதான். நான் போய்ச் சேர்ந்தப்போ கவிழ்ந்த படகு மட்டும் மிதந்துச்சு, ஆளைக் காணோம். அப்படிச் சொல்லித்தான் அவள் வாசலில் நின்று அழுதான். அப்படி அழுதவன் என்றுதான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

அப்படியானால் இவன் போய்ச் சேர்ந்தபோது தோர்கைருக்கு உயிர் இருந்திருக்கிறது. அவிழ்ந்து கிடந்த கடைசி நாடாவைக் கட்டி முடித்தாள்.

கதவைத் திறந்துவிட்டார்கள். பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு நடந்தாள். போர்கில் முன் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஐவிந்த் கூடவே வந்தான். அவன் மூச்சு அவள் காதோரம் பட்டுக்கொண்டே வந்தது.

“குழந்தைக்கு என்ன பேர்?” என்று போதகர் கேட்டார்.

பிள்ளையின் பேரை மட்டும்தான் அங்கே கேட்பார்கள். அதை மட்டும்தான் சொல்வார்கள். குலப்பேர் அப்பன் வழியில் தானாக வந்துவிடும்.

“தோர்கைர்,” என்றாள்.

பின்னால் ஐவிந்த் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. போதகர் தண்ணீரை அள்ளக் குனிந்தார்.

அவள் இன்னும் முடிக்கவில்லை.

“தோர்கைர் ஹெல்லெ,” என்றாள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. கடலில் போனவனின் முழுப்பேர்.

போதகரின் ஈரக்கை அந்தரத்தில் நின்றது. முன் பெஞ்சிலிருந்து போர்கில் எழுந்தே விட்டாள். “லுண்டெ! லுண்டென்னு சொல்லுடா!” என்று தம்பியைப் பார்த்துச் சீறினாள்.

ஐவிந்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அதைத் திருத்தவில்லை.

அவள் செய்தது சரிதானா? ஒன்றும் அறியாத பிள்ளையின் தலையில் அதை ஏற்றியிருக்கலாமா? எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. அந்தத் தொட்டிக்கு முன்னால் நீங்கள் நின்றிருந்தால் என்ன பேர் சொல்லியிருப்பீர்கள்? மனசில் பட்டதைக் கீழே எழுதுங்கள்.