வண்டிக்காரர் வேண்டாமென்ற கடை

"டேய் வேலாயுதம், பொண்ணு வீட்ல தண்ணி குடுத்தா குடி. வெத்தலை குடுத்தா போடு. இலை போட்டா மட்டும் எழுந்திரிச்சிடு. கை நனைச்சோம்னா தீர்ந்தோம்."

மாட்டு வண்டிக்குள் உட்கார்ந்து பெருமாள் மகனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் இரண்டு ஊரும் சேர்ந்து காறித் துப்பும்.

பெருமாளுக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் இஷ்டமில்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி அவர். தாலுகா கச்சேரி குமாஸ்தாவின் மகளை மருமகளாக்க மனக்கோட்டை கட்டியிருந்தார். அதற்குள் அவருடைய அக்கா எல்லம்மா, ஆம்பூருக்கு எதிரே பாலாற்றின் அக்கரையில் கன்னியப்பன் என்ற விவசாயியின் மகளைப் பேசி வைத்துவிட்டாள். அவர்களை எல்லம்மாவுக்குத்தான் தெரியும்; பெருமாள் முகம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அக்கா பேச்சைத் தட்ட அவருக்குத் தைரியம் கிடையாது. ஆகவே ஒப்புக்குப் போவது, பார்ப்பது, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிடு போட்டுவிட்டு ரயிலேறுவது என்று திட்டம்.

திட்டத்தில் ஒரே ஓட்டை அவருடைய வயிறு. பசி வந்துவிட்டால் அவருடைய கை அவர் பேச்சைக் கேட்காது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு குடியாத்தம் வருவதற்குள் காலி. ஆம்பூரில் இறங்கியதும் ஹபீப் பாய் கடைக்கு ஓடினார். பிரியாணிக்கு இன்னும் தம்மே போடவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்ற வண்டியில் ஏறி, அக்கரைக்குக் கன்னியப்பன் வீட்டுக்கு ஓட்டு என்று உத்தரவு போட்டார். வண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெருமாள் அதற்குள் மகனையும் இழுத்து உள்ளே போட்டுக்கொண்டார்.

இப்போது வண்டி பாலாற்றின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. பேருக்குத்தான் ஆறு. சித்திரை மாதத்தில் அது சுத்தமான பாலைவனம். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை மணல், அதன்மேல் நெளியும் கானல், அந்தப் பக்கம் நீலமாக மலை. வண்டிக்காரர் பாரம் குறையட்டும் என்று இறங்கி மாடுகளோடு நடந்தார்.

"எவ்ளோ அழகா இருக்குதுப்பா" என்றான் வேலாயுதம்.

"அழகைத் திங்க முடியுமாடா?" என்று எரிந்து விழுந்தார் பெருமாள். பிறகு வெளியே தலையை நீட்டி, "ஏம்ப்பா, கன்னியப்பன் வீடு வர்றதுக்கு முன்னால சாப்பிட இடம் எதுனா இருக்குதா?" என்று கேட்டார்.

அந்த வீட்டிலேயே விருந்து போடுவார்களே என்று வண்டிக்காரர் இழுத்தார். பெருமாளுக்கு இருந்த பசியில் ரகசியமாவது ஒன்றாவது. அங்கே ஏன் கை நனைக்கக் கூடாது என்பதைக் குமாஸ்தா மகள் வரைக்கும் விவரமாகக் கொட்டிவிட்டார். போதாததற்கு, களி கிண்டுவதைத் தவிர அக்கரைக்காரர்களுக்கு என்ன சமைக்கத் தெரியும் என்றும் கேட்டு வைத்தார்.

வண்டிக்காரர் தலைத்துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு, கரையேறி ஒரு மைல் போனால் தன்னுடைய தோஸ்த் ஒருவன் ஓட்டல் வைத்திருப்பதாகவும், அங்கேயே நிறுத்துவதாகவும் சொன்னார்.

பெருமாள் மகன் காதில் கிசுகிசுத்தார். "தோஸ்த்தாம். இவனுக்கு அங்க ஓசிச் சோறு இருக்கும்டா. வண்டிக்காரன் வேணாம்னு சொல்ற கடைதான் நல்ல கடை, தெரிஞ்சுக்கோ."

கரையேறியதுமே தென்னந்தோப்புக்குள் ஒரு கீற்றுப் பந்தல் தெரிந்தது. இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோழிக் குழம்பு வாசனை வண்டிக்குள் ஏறியது. வண்டிக்காரர் மாட்டை முடுக்கினார்.

"நிறுத்துப்பா, நிறுத்து. அது இன்னா கடை?"

"அது வேணாங்க. காரம் ஜாஸ்தி, கும்பல் வேற. பேஜாரு."

வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும் பெருமாள் ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்துவிட்டார்.

கரண்டியோடு நின்ற அம்மாள் திகைத்துப் போய் வண்டிக்காரரைப் பார்த்தாள். பிறகு "வாங்க, வாங்க" என்று வாயெல்லாம் பல்லாக ஓடி வந்து பாய் விரித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். டவுன்காரர் என்றால் மரியாதை தனிதான் என்று பெருமாளுக்குப் பெருமையாக இருந்தது.

அதே களிதான். ஆனால் அந்தக் கோழிக் குழம்பில் தோய்த்து விழுங்கியபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலாயுதம் தலை நிமிரவே இல்லை. அவனுக்குக் குழம்பு ஊற்றிய பெண் நகரும்போது மட்டும் நிமிர்ந்தான். வேண்டும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டே இருந்தான்.

பெருமாள் ஏப்பம் விட்டபடி கை கழுவினார். இனி எத்தனை இலை போட்டாலும் அந்த வீட்டில் அசைய வேண்டியதில்லை. மனசு லேசாகிவிட்டது. "எவ்ளோம்மா ஆச்சு?" என்று இடுப்பில் செருகியிருந்த பையை எடுத்தார்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கம் வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துத் தொட்டியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, மாட்டை ஏன் அவிழ்த்துட்டே? கன்னியப்பன் வீட்டுக்குப் போக வேணாமா?"

"இது பின்கட்டுங்க. பந்தல்ல இருக்கறது பொண்ணோட சனம். முன்வாசலுக்கு இப்டி சுத்திக்கினு வரணும்" என்றார் வண்டிக்காரர், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி. "பையை உள்ள வைங்க சம்பந்தி. என் வீட்ல கை நனைச்சவங்ககிட்ட இந்தக் கன்னியப்பன் காசு வாங்கறதில்லை."