பத்தாவது கடலை

பெருச்சாளி வளையில் கடலையைப் போட்டு உருட்டி ஆடினால் இரட்டிப்பாகும் என்று கேள்விப்பட்டு, அணில் மழைக்காலத்துக்குச் சேர்த்ததையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டு ஆடியது. போடும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. "வாங்கக்கா" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கூட்டில் குட்டிக்கென்று ஒரே ஒரு கடலைதான் மிஞ்சியது. அணில் வளைவாயில் வந்து நின்றது.

"ஆடினது போதும் தம்பி. மிச்சத்தைக் கொடு."

"தாராளமா எடுக்கலாம்க்கா. முதுகைக் காட்டுங்க, மூணு கோடு இருக்கான்னு பார்க்கணும்."

அணில் திரும்பி நின்றது. மழை முதுகில் கொட்டியது.

"கோடு சரிதான். ஆனா தோத்தது போக ஒன்பதுதான் நிக்குது. பத்துக்குக் குறைஞ்சா எடுக்க முடியாதுக்கா."

"போடும்போது சொல்லலையே."

"போடும்போது நீங்க கேக்கலையே. இன்னும் ஒண்ணே ஒண்ணு போடுங்க, பத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்க."

ஒன்றுதானே என்று பட்டது. அணில் கூட்டுக்கு ஓடியது. குட்டி அந்தக் கடலையை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கத் தொடங்கியிருந்தது.

"கொடுடா கண்ணு, பத்தாக் கொண்டுவரேன்" என்று பிடுங்கிக்கொண்டு இறங்கியது.

கடலையின் ஓரத்தில் சின்னப் பல் தடம் பதிந்திருந்தது. பெருச்சாளி இதை முழுக் கடலையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமா என்ற கவலைதான் வழிநெடுக அணிலுக்கு.