மழைக்கு ஒரு விருது

காலை பத்து இருபதுக்கு நேர்காணல் தொடங்கியது.

கேம் கம்பெனி இயக்குநர் வேலை கேட்டு வந்த பெண்ணின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். டாக்ஸி ஓட்டும் கேம். கண்ணாடியில் மழை வழிந்தது. ஏறிய பயணி குடையைச் சீட்டிலேயே உதறினார்.

"இது எங்க கேம்மா. இதுல நீங்க என்ன பண்ணீங்க?"

"மழை சார். ஒரிஜினல்ல வெயில் மட்டும்தான். மழை நான் செஞ்ச மாட்."

மாட் என்பது வெளியாள் ஒருவர் கேமில் சேர்த்துவிடும் கூடுதல் வேலை. அவளுக்கு அது இரண்டு வருட உழைப்பு.

"எத்தனை பேர் டவுன்லோட் பண்ணாங்க?"

"நாற்பத்தொரு பேர்."

"இவ்வளவு நல்லா இருக்கே! அவ்வளவுதானா?"

"பார்க்கிறவங்க மழை கேம்லயே இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க சார். எங்க அண்ணனே, 'மழை சூப்பர், இதுல நீ என்னத்தக் கிழிச்சே?'ன்னு கேட்டான். ஒட்டு தெரிஞ்சாத்தானே ஒட்டினவளைத் தேடுவாங்க?"

இயக்குநர் எழுந்தார். இந்த வேலையும் போச்சு என்று அவள் லேப்டாப்பை மூடப் போனாள்.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். அலமாரியிலிருந்து ஒரு கேடயத்தை எடுத்து வந்து அவள் முன் வைத்தார். 'சிறந்த மழைக் காட்சி' என்று பொறித்திருந்தது.

"போன வருஷம் யாரோ விளையாடின வீடியோவைப் பார்த்துட்டு, மேடையில கூப்பிட்டுக் கொடுத்தாங்க. நம்ம டீம்ல யாரோ செஞ்சிருக்காங்கன்னு நான் வாங்கிட்டேன். டீம்ல ஒவ்வொருத்தனும் பக்கத்துல இருக்கிறவன் செஞ்சதுன்னு கைதட்டினான்."

அவள் கேடயத்தையே பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வேலை உங்களுக்குத்தான். ஆர்டர்ல மட்டும் ரெண்டு வருஷம் முந்தின தேதி போட்டுக்கலாமாம்மா?"