மிக்கியோனின் வலை

லிசில்லாவுக்கு நேற்று மாலை எடுத்த பிரசவ வலி இன்னும் விட்டபாடில்லை. காய்ச்சிய ஆலிவ் எண்ணெயின் வாசம் முற்றத்து வெயில்வரை வருகிறது. மருத்துவச்சி மல்தாக்கே கதவிடுக்கில் தலையை நீட்டுகிறாள். "வீட்ல எங்கயோ இன்னும் முடிச்சு இருக்குப்பா. பேறு பாக்குற அக்கா தங்கச்சி தெய்வங்க வாசல்லயே கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காங்க. அது அவிழ்ந்தாத்தான் எழுந்து வருவாங்க. எல்லாத்தையும் அவுத்துட்டியா?" கணவன் மிக்கியோன் தலையாட்டுகிறான். அவனுடைய இடுப்புக்கச்சையும் செருப்பு வாரும் மண்ணில் அவிழ்ந்து கிடக்கின்றன. கயிறு கழன்ற ஆடு, அந்தத் தெய்வங்களுக்குப் படைத்த தேனடையை நக்குகிறது, அவன் விரட்டவில்லை. உள்ளிருந்து வந்துகொண்டிருந்த முனகலும் இப்போது நின்றுவிடுகிறது. அப்போதுதான் அவன் கண் சுவரில் காயும் வலைமேல் விழுகிறது. குளிர்காலம் முழுக்க அவனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பின்னிய வலை; முடிச்சைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. மீன் அறுக்கும் கத்தியை எடுத்து அதைக் கிழிக்கத் தொடங்குகிறான். நூல் அறுபடும் சத்தம் மட்டும் முற்றத்தில் கேட்கிறது. "ஏங்க," என்று உள்ளிருந்து மெலிதாக லிசில்லாவின் குரல் வருகிறது. "வலையை விட்டுடுங்க. நாளைக்குப் பிள்ளைக்கு என்னத்தப் போடுவீங்க?" அவள் உயிரோடிருக்கிறாள். மிக்கியோன் வாய்விட்டு அழுதபடியே அடுத்த முடிச்சை அறுக்கிறான்.