கழுதைக்கு ஒரு காது

"சார், கழுதையோட காதை யார் சார் அழிச்சது?"

ஓவியர் பலகையைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். பலகையில் குத்தியிருந்த தாளில், பென்சிலால் வரைந்த கழுதை நின்றது. கழுத்தில் மணி. முதுகில் சின்னதாக ஒரு கிறிஸ்துமஸ் மரம். இடது காது மட்டும் இல்லை.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்க வரைய மறந்திருப்பீங்க மேடம்."

"சாப்பிடப் போகும்போது ரெண்டு காதும் இருந்துச்சு. திங்கக்கிழமை வாலைக் காணோம். நேத்து குளம்பைக் காணோம். இன்னிக்குக் காது."

"கழுதை காகிதம் தின்னும்னு தெரியும். தன் காதையே தின்னுமா?" என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார் மேனேஜர். "எலியா இருக்கப்போகுது."

"எலி கடிச்சா தாள் போகும் சார், கோடு மட்டும் போகாது. தண்ணி பட்டா தாள் உப்பிக்கும். கை பட்டா கறுப்பா இழுபடும். இது ரப்பர். இங்க தடவிப் பாருங்க, தாள் சிலிர்த்துக்கிட்டு நிக்குது."

கைவிடப்பட்ட விலங்குகளுக்கான காப்பகம் அது. உதவி செய்கிறவர்களுக்கு வருடா வருடம் கையால் செய்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்புவார்கள். இந்த வருடம் அட்டைக்கு ஒரு விலங்கு, எல்லாம் இங்கே கூண்டில் இருப்பவை.

முதலில் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைய வேண்டும். அந்தத் தாளின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் கரியைத் தேய்த்து, அட்டையின் மேல் வைத்து, கோடுகளின் மேலேயே அழுத்தி வரைந்தால் அடியில் லேசாகப் படியும். அதன்மேல் மை. ஒரே தாளை வைத்து அந்த விலங்குக்கான எல்லா அட்டைக்கும் படி எடுத்துவிடலாம். ஆனால் தாளில் காது இல்லையென்றால் எந்த அட்டையிலும் காது இருக்காது.

"யாருக்கு மேடம் வேற வேலையில்ல? சட்டுனு முடிங்க" என்றார் மேனேஜர். "பூனை படம் முடிஞ்ச மறுநாளே பூனைக்கு வீடு கிடைச்சுது. முயலுக்கும் அப்படித்தான், ஆட்டுக்கும் அப்படித்தான். எல்லாம் உங்க கைராசி."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஓவியர் சம்பளமில்லாமல் வந்துகொண்டிருந்தார். கழுவிவிட்ட காலிக் கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு லேசாகும். இந்தக் கழுதையோ கிழடு. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. குளிரில் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கால் புண்ணாகிவிட்டது. இதற்கு ஒரு வீடு கிடைத்துவிட்டால் போதும்.

குறுக்கே நிற்பது யார்? ஓவியருக்கு, விலங்குகளைப் பார்க்க வரும் டாக்டர் மேல்தான் சந்தேகம். பையோடு வருவார், பையோடு போவார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். போன வாரம் முடித்து வைத்த ஆட்டுப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றவர், நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷன்.

மறுநாள், காதை மறுபடி வரைந்து முடித்தார். சாப்பாட்டு வேளையில் வழக்கம்போலப் பலகையைக் கூண்டுக்கருகில் சாய்த்து வைத்துவிட்டு வாசல்வரை போனார். அப்படியே திரும்பினார்.

டாக்டர் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர். காது பாதி போயிருந்தது.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? படிச்ச மனுஷன் செய்யற வேலையா இது?"

டாக்டர் எழுந்திருக்கவில்லை. தாளிலிருந்த ரப்பர் துகளை ஊதிவிட்டார். "மெதுவாப் பேசுங்கம்மா. மேனேஜர் காதுல விழும்."

"விழட்டும்! என் மேல கோபம்னா என்கிட்ட காட்டுங்க. இந்த வாயில்லாத ஜீவன் என்ன பண்ணுச்சு? உங்களால அதுக்கு வீடு தள்ளித் தள்ளிப் போகுது."

"எந்த வீடு?"

"பூனைக்குக் கிடைச்ச மாதிரி. முயலுக்கு, ஆட்டுக்குக் கிடைச்ச மாதிரி."

டாக்டர் அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியா சொல்லி வெச்சிருக்கார் உங்ககிட்ட?"

ஓவியர் தலையாட்டினார். கூண்டுக்குள் கழுதை வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"இங்க இடம் இல்லம்மா. தினமும் புதுசு வருது. கிழடையெல்லாம் யாரும் கேட்டு வர்றதில்ல. கார்டுல வர்றதை மட்டும் படம் முடியறவரைக்கும் தொடக்கூடாதுன்னு உத்தரவு. நீங்க முடிச்ச மறுநாள் காலையில என்னைக் கூப்பிடுவாங்க, கடைசி ஊசி போட." டாக்டர் ரப்பரை உள்ளங்கையில் உருட்டினார். "நான் மாட்டேன்னா வேற ஒருத்தர் வருவார். ஆட்டுக்குப் போடும்போது அது என் கையை நக்கிச்சு. அன்னிக்குச் சாயங்காலம்தான் இந்த ரப்பரை வாங்கினேன்."

நடைபாதையில் செருப்புச் சத்தம் நெருங்கியது. "என்ன மேடம், கழுதை முடிஞ்சுதா?"

ஓவியர் டாக்டரின் கையிலிருந்து ரப்பரை வாங்கி, கழுதையின் நான்கு கால்களையும் அழித்தார்.

"இல்ல சார். கால் சரியா வரல, முதல்லேர்ந்து வரையணும்."