நடைத்துணை

"அந்தக் குமரகுருபரனுக்கு மட்டும் ஏன் சுகர் வரமாட்டேங்குது?"

காலை மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டே தில்லைநாயகம் கேட்டார்.

மனைவி கோமு தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "அடுத்தவுகளுக்கு நோய் வரலியேன்னு வருத்தப்படுத ஆளு இந்த டவுன்லயே நீங்க ஒருத்தருதான்."

வருத்தமாவது ஒன்றாவது! சுத்தமான வயிற்றெரிச்சல். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருந்து ஒரே வருஷம் ரிட்டயர் ஆனவர்கள். பென்சனும் ஏறக்குறைய ஒன்றுதான். இவருடைய பென்சனில் பாதி மருந்துக்கடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் போய்விடுகிறது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்ததில் சேமிப்பும் கரைந்தது. அந்த மனுஷனோ பாதிப் பென்சனை அப்படியே பேங்கில் டெபாசிட் போடுகிறாராம்.

போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்தால் தேவலை.

"காலையில கேப்பக்கூழு, ராத்திரி ரெண்டு இட்லி. அம்புட்டுத்தான் வே செலவு" என்பார் குமரகுருபரன். "மருந்துக்கடை எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. எங்க போனாலும் நடைதான். ஆட்டோக்காரன் எங்கிட்ட ஒத்த ரூவா வாங்கியிருப்பானா, கேட்டுப் பாரும்!"

ஸ்டென்ட் வைத்த டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். கோமு கெஞ்சினாள். பெங்களூரிலிருந்து மகன் கணேஷ்ராம் வீடியோ காலில் சத்தம் போட்டான். தில்லைநாயகம் கட்டிலை விட்டு அசையவில்லை. ஒருநாள் குமரகுருபரன் வாசலில் வந்து நின்றார்.

"உம்மால முடியாது, நீரு படுத்தே கெடயும் வே. நான் குறுக்குத்துறை வரைக்கும் நடந்துட்டு வாரேன்."

மறுநாள் விடிவதற்குள் தில்லைநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு பேரும் டவுனிலிருந்து குறுக்குத்துறை ஆற்றங்கரை முருகன் கோயில் வரைக்கும் நடக்கிறார்கள். வழி நெடுக குமரகுருபரனின் சீண்டல்.

"என்ன வே, இதுக்கே மூச்சு வாங்குது? பைய வாரும், பைய வாரும்."

தில்லைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு நடையை எட்டிப் போடுவார். இந்த ஆள் ஒருநாளாவது நடக்கமுடியாமல் திணறவேண்டும். முருகனிடம் அவர் வைத்த ஒரே வேண்டுதல் அதுதான். போன மாதம் சுகர் இறங்கி டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தபோதுகூட அவருக்குச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. குமரகுருபரனுக்குக் குறைக்க மாத்திரையே இல்லையே!

கோயில் வந்ததும் குமரகுருபரன் படித்துறையில் உட்கார்ந்துவிடுவார். "நீரு முன்னால போம். நான் ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டு வாரேன். உமக்குத்தான் பச்சத்தண்ணி ஆகாதே."

அதுவும் எரியும்.

கோமுவிடம் சுகரைப் பற்றிப் புலம்பியதற்கு மறுநாள், திரும்பும் வழியில் தில்லைநாயகம் டீக்கடையில் ஒதுங்கினார். சீனியில்லாத டீயை ஒரு வாய் குடித்திருப்பார். ஒரு ஆட்டோ அவரைத் தாண்டிப் போனது. உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருந்தது சாட்சாத் குமரகுருபரன். தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

தில்லைநாயகத்துக்குப் புரை ஏறியது. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆக, இத்தனை நாள் அளந்ததெல்லாம் வெறும் சவடால்! ஆற்றுக் குளியலும் பொய், நடையும் பொய். இன்றைக்கு அந்த ஆளை அவர் பெண்டாட்டி முன்னாலேயே நாறடித்துவிட வேண்டும்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். அவ்வளவு வேகமாக நடந்தும் மூச்சு வாங்கவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

குமரகுருபரன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டதும் அவர் மனைவி ராஜராஜேஸ்வரி கையில் ஒத்தடத் துணியோடு வெளியே வந்தாள்.

"எங்க தங்கச்சி உன் வீட்டுக்காரரு? எனக்கு நடையப் பத்திப் பாடம் எடுத்துட்டு அவரு ஆட்டோவுல சவாரி போறாரே! நாளைக்குக் கோயில்ல வச்சு எல்லார்ட்டயும் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க அண்ணாச்சி, நல்லாச் சொல்லுங்க. அந்த வெக்கத்துலயாவது இவுக வீட்டுல கெடப்பாக. ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு, ரொம்ப நடக்கவே கூடாதுன்னு எலும்பு டாக்டரு சொல்லியாச்சு. உங்களுக்கு நெஞ்சுவலி வாரதுக்கு முந்தியே சொல்லியாச்சு. மருந்துக்கடைக்கு நாந்தான் அலையுதேன். உங்ககூட நடந்து போறாக, திரும்பி வர முடியாம ஆட்டோவுல வாராக. வந்து படுத்தா மத்தியானம் வரைக்கும் கால மடக்க முடியல."

உள்ளேயிருந்து முனகல் கேட்டது. வேண்டிக்கொண்டபடியேதான் நடந்திருந்தது.

"பின்ன... எதுக்குத் தங்கச்சி நடக்காரு?"

"நானும் தெனமும் அதத்தானே கேக்கேன்! 'என்னையப் பாத்து வயிறு எரிஞ்சாத்தான் தில்லை எந்திரிச்சு நடப்பான். நான் நின்னுட்டா அவனும் படுத்துருவான். படுத்தான்னா, நமக்கு மிஞ்சமாட்டான் ராஜி'ங்காக."